கிளட்ச் பெடல் தரையோட படுத்துக்கிச்சு, கியர்பாக்ஸ் இறக்கணுமா?

11-06-2023, காலை
(கேள்வி, தென்காசிப் பக்கத்து வாசகர்) நேத்து ஆரியங்காவு ஏத்தத்துல டிப்பர் லாரிக்குப் பின்னாடி ஊர்ந்துக்கிட்டிருந்தப்போ கிளட்ச் பெடல் உள்ள போச்சு, திரும்ப வரல. கால் விரலைக் கீழ கொடுத்துத் தூக்கினா வருது. நாலஞ்சு தடவை படபடன்னு மிதிச்சா கியர் விழுது, ரிவர்ஸ் மட்டும் கரகரன்னு கத்துது. 2004 டீசல் வண்டி, ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிள் இல்ல, ஆயில் தள்ளி வேலை செய்யுற வகை). ஒர்க்‌ஷாப்ல “கிளட்ச் செட்டு போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும், பதினாலாயிரம்”ங்கிறாங்க. இறக்கலாமா?

11-06-2023, மதியம்
இறக்காதீங்க. குறைஞ்சது இன்னிக்கு இறக்காதீங்க.

கிளட்ச் பிளேட் தேஞ்சா இன்ஜின் கத்தும், வண்டி இழுக்காது. உங்களுக்கு நடக்கிறது அதுக்கு நேர் எதிர். கிளட்ச் பிடிக்குது, விடத்தான் மாட்டேங்குது. ரிவர்ஸ் முதல்ல கத்துறதும் அதனாலதான். பழைய வண்டி பலதுல ரிவர்ஸுக்கு சின்க்ரோ (பல்சக்கர வேகத்தைச் சமப்படுத்துற அமைப்பு) கிடையாது, பாதி விட்ட கிளட்சை அதுதான் முதல்ல காட்டிக்கொடுக்கும். வண்டியை ஆஃப் பண்ணிட்டு கியர் போட்டுப் பாருங்க. எல்லா கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தா கியர்பாக்ஸுக்கு ஒண்ணும் இல்ல.

மிதிச்சு மிதிச்சு எடுத்தா கியர் விழுதுன்னு சொன்னீங்க பாருங்க, கேஸ் அங்கேயே முடிஞ்சுது. கீழ கியர்பாக்ஸ் பக்கத்துல இருக்கிற சிலேவ் சிலிண்டர் போயிருக்கு. அதை வெளியிலிருந்தே கழட்டலாம், ரெண்டு போல்ட்டுதான்.

11-06-2023, இரவு
“அண்ணாச்சி, பார்க்காமலே எப்படி அடிச்சுச் சொல்றீங்க”ன்னு ஒருத்தர். நான் பட்டவன், அதான்.

நாலு வருஷம் முன்ன புனலூர்ல அக்கா வீட்டுலேர்ந்து திரும்புறேன். வண்டியில அம்மா, ரெண்டு பலாப்பழம், ஒரு மூட்டை மரச்சீனி. தென்மலை தாண்டி கழுதுருட்டி பதிமூணு கண் பாலத்துக்கிட்ட ஒரு பஸ்ஸுக்கு வழி விட நிறுத்தினேன். முதல் கியர் போடப் பெடலை மிதிச்சா கால் நேரா தரைக்குப் போகுது, ஏதோ காத்துல மிதிச்ச மாதிரி. அங்கேயிருந்து செங்கோட்டை வரைக்கும் கிளட்ச் இல்லாமத்தான் வந்தேன். இன்ஜினை ஆஃப் பண்ணி, முதல் கியரைப் போட்டு, அப்படியே ஸ்டார்ட்டரைத் திருகினா வண்டி குதிரை மாதிரி எகிறிக்கிட்டுக் கிளம்பும். கொஞ்சம் வேகம் வந்ததும் ஆக்சிலேட்டரை விட்டு நியூட்ரல், இன்ஜின் வேகம் இறங்குற நேரம் பார்த்து மெதுவா ரெண்டாவது. புளியரை எஸ் வளைவு முழுக்க அதே ரெண்டாவதுதான். இறக்கத்துல கியர் பிடிச்சிருந்ததால இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிச்சுது, பிரேக்குக்குப் பெருசா வேலை இல்ல. அம்மா பலாப்பழத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஐயப்பா ஐயப்பான்னு வந்தாங்க.

பெருமையாச் சொல்லல. கூட்டத்துல செய்யக்கூடாத வேலை அது. கிளட்ச் மிதிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகும்னு சுவிட்ச் வச்ச புது வண்டிகள்ல பெடலை மிதிச்சாலும் கிளட்ச் விடாததால அது எகிறத்தான் செய்யும், முன்னாடி ஆள் இல்லாமப் பாத்துக்கணும்.

வீட்டுக்கு வந்து குனிஞ்சு பார்த்தா சிலேவ் சிலிண்டரோட ரப்பர் பூட்ஸ்லேர்ந்து (வாயை மூடுற உறை) பிரேக் ஆயில் சொட்டிக்கிட்டிருக்கு, கிளட்சுக்கும் அதே ஆயில்தான். அதனாலதான் அடிச்சுச் சொன்னேன்.

12-06-2023
கேட்டவர் எழுதியிருக்கார்: ஆயில் டப்பால மட்டம் குறையல, கீழ சொட்டும் இல்ல.

அட. அப்போ நேத்து நான் அடிச்சுச் சொன்னதை இன்னிக்கே கொஞ்சம் திரும்ப வாங்கிக்கணும். மிதிச்சு மிதிச்சு எடுத்தாக் கியர் விழுதுங்கிறது கோளாறு ஆயில் பாதையில இருக்குங்கிறதுக்கு மட்டும்தான் சாட்சி. மேல பெடல் பக்கம் இருக்கிற மாஸ்டர் சிலிண்டரா, கீழ இருக்கிற சிலேவா, நடுவுல ரப்பர் ஹோஸா, இல்ல உள்ள காத்து புகுந்திருக்கான்னு அது சொல்லாது. என் வண்டியில சிலேவ் போச்சுன்னா எல்லார் வண்டியிலயும் சிலேவ்தான்னு நினைச்சது என் கோளாறு.

ஆள் கால் மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் கீழ சிலேவ் பிஸ்டனைத் தள்ளும். சிலேவோட ராடு ஃபோர்க்கை (கவை மாதிரி ஒரு நெம்புகோல்) தள்ளி, ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டை அமுக்கும், கிளட்ச் விடும். இவ்வளவுதான் கதை. இந்த வரிசையில எந்த இடத்துல தள்ளு நின்னு போகுதுன்னு பார்க்கணும்.

செய்ய வேண்டியது: இன்ஜின் ஆஃப். வீட்டுல யாரையாவது பெடல்கிட்ட உட்கார வைங்க. நீங்க கீழ படுத்து சிலேவ் ராடு எவ்வளவு நகருதுன்னு ஸ்கூல் ஸ்கேல் வச்சுப் பாருங்க. நல்லா நகர்ந்தும் கியர் விழலைன்னா மட்டும்தான் ஒர்க்‌ஷாப்காரர் சொல்றது சரி, உள்ள ஃபோர்க்கோ பிரஷர் பிளேட்டோ. நகரவே இல்லைன்னா கியர்பாக்ஸைத் தொட வேண்டிய வேலையே இல்ல. அப்புறம் பெடலை லேசா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லுங்க. தானா மெல்ல மெல்லக் கீழ இறங்குதா?

12-06-2023, கொஞ்ச நேரம் கழிச்சு
ஒண்ணு விட்டுப்போச்சு. டிரைவர் கால் வைக்கிற இடத்துல தரையில விரிச்சிருக்கிற மேட்டைத் தூக்கிப் பாருங்க. மாஸ்டர் சிலிண்டர் பின்பக்கமா ஒழுகினா கீழ சொட்டாது, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவுல இருக்கிற தகடு) வழியா, பெடலையும் மாஸ்டரையும் இணைக்கிற பெடல் ராடு மேல இறங்கி வண்டிக்குள்ளதான் வரும். மழைத்தண்ணின்னு நினைச்சு விட்டுடுவோம், அதுவும் இந்தச் சாரல் காலத்துல. விரலால தொட்டுப் பாருங்க, வழவழன்னு இருந்தா தண்ணி இல்ல. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வேற எதையும் தொடுங்க. பெயின்ட்டை உரிச்சுடும் அந்த ஆயில்.

13-06-2023
கம்பத்துலேர்ந்து ஒரு நண்பர்: “எங்க ஊர்ல ஆயில் குறைஞ்சா கையில என்ன இருக்கோ அதை ஊத்துவாங்க, குமுளி மலை ஏறிடும்.” ஏறும். இறங்கினப்புறம் பாருங்க. இஞ்சின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் எதுவும் இதுல ஆகாது. உள்ள இருக்கிற கப் வாஷர் பிரேக் ஆயிலுக்குன்னே செஞ்ச ரப்பர், மினரல் ஆயில் பட்டா அப்பளம் மாதிரி உப்பிடும். அப்புறம் மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் குப்பைக்கு. ஆயில் டப்பா பிரேக்குக்கும் பொதுவா இருந்தா பிரேக்கும் சேர்ந்து கெடும்.

டாட் 3 அல்லது டாட் 4 (DOT, பிரேக் ஆயிலோட தரக் குறி), மூடியில என்ன போட்டிருக்கோ அது. டாட் 5 பக்கமே போகாதீங்க.

13-06-2023, ராத்திரி
டாட் 5 பத்தி எழுதினதுக்கு, டாட் 5.1-ஐப் பிரிச்சுச் சொல்லலையேன்னு ஒரு பாலக்காட்டு நண்பர் பிடிச்சுக்கிட்டார். அவர் சொல்றது சரி. டாட் 5 சிலிக்கான், மத்ததோட கலக்காது. டாட் 5.1 வேற, அது டாட் 3, 4 மாதிரியே கிளைக்கால் வகை, கலந்தா பிரச்சினை இல்ல. ஒரு புள்ளி ஒண்ணுக்கு இவ்வளவு வித்தியாசம். பேர் வச்சவங்களைத்தான் கேக்கணும்.

இந்த வகை ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். புதுசா இருக்கிறப்போ டாட் 3 கொதிக்க 205 டிகிரியாவது வேணும், டாட் 4க்கு 230. ஈரம் குடிச்சப்புறம் 140, 155 வரைக்கும் இறங்கலாம்னு அளவு வச்சிருக்காங்க. கிளட்சுக்குச் சூடு பெரிய விஷயம் இல்ல, அந்த ஈரம் சிலிண்டர் சுவத்துல துரு வைக்கிறதுதான் விஷயம். வருஷத்துல பாதி நாள் சாரல்ல நனையுற ஊர் நம்மது. என் பழைய சிலேவைக் கழட்டினப்போ உள்ள ஆயில் கட்டன்சாயா நிறத்துல இருந்துச்சு.

14-06-2023
கேட்டவர் பையனை பெடல்ல உட்கார வச்சு அளந்திருக்கார். முதல் மிதியில ராடு மூணு மில்லிமீட்டர். நாலஞ்சு தடவை அடிச்சு மிதிச்சா பதினொண்ணு. பூட்ஸ் உள்ள காய்ஞ்சு கிடக்கு. மேட்டுக்கு அடியிலயும் ஈரம் இல்ல. பெடலை லேசாப் பிடிச்சுக்கிட்டு இருந்தா தானா அடிவரைக்கும் இறங்குது.

மாஸ்டர். சந்தேகமே இல்ல. ஆயில் வெளிய எங்கயும் போகல, உள்ளயே கப் வாஷரைத் தாண்டித் திரும்ப டப்பாவுக்குப் போகுது. வேகமா மிதிச்சா வாஷரோட உதடு விரிஞ்சு பிடிக்குது, மெதுவா மிதிச்சா வழுக்கி விட்டுடுது. என் சிலேவ் தியரி அவுட்.

பதினாலாயிரம் சொன்ன ஒர்க்‌ஷாப்ல யாருமே கீழ குனிஞ்சு இந்த ராடைப் பார்க்கலையாம். எந்தக் கடைன்னு இங்க எழுத வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு அவருக்கும் அங்க போக வேண்டியிருக்கும்.

15-06-2023
“உள்ள ரப்பர் வாஷர் கிட் மட்டும் போட்டாப் போதுமா, புது சிலிண்டரே வாங்கணுமா?”

கழட்டி உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. கண்ணாடி மாதிரி இருந்தா கிட் போதும். புள்ளி புள்ளியாக் குழி இருந்தாலோ நகத்துக்குக் கோடு தட்டுப்பட்டாலோ கிட் போட்டது வீண், புது வாஷரையும் அது சுரண்டித் தின்னுடும். நான் முதல் தடவை சிலேவுக்கு கிட் போட்டேன். எமரி பேப்பர் வச்சுத் தேய்ச்சுக் கொடுத்தாங்க. ரெண்டு மாசம்.

இன்னொரு வயித்தெரிச்சல். அப்புறம் புது சிலேவ் மாட்டினேனா, ஆறு வாரத்துல மாஸ்டர் போச்சு. “புதுசு மாட்டினா பழசுக்குப் பொறாமை”ன்னு புனலூர் ஆசான் சிரிச்சார். ரொம்ப நாள் நானும் அதை விதின்னுதான் நினைச்சேன். இப்போ யோசிச்சா நான்தான் கெடுத்திருக்கேன். ஏர் எடுக்கிறப்போ (ஆயில் பாதையில புகுந்த காத்தை வெளியேத்துறப்போ) பெடலை முழுசாத் தரை வரைக்கும் போட்டு அடிச்சேன். சாதாரணமா ஓட்டுறப்போ பிஸ்டன் போகாத அடிப்பகுதியில வருஷக்கணக்கா துருவும் கசடும் உட்கார்ந்திருக்கும். அங்க கொண்டுபோய் வாஷரை உரசினா உதடு கிழியாம என்ன செய்யும்? பழைய மாஸ்டரை வச்சுக்கிட்டு ஏர் எடுக்கிறவங்க பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டையை வைங்க.

கையில காசு இருந்தா ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. இல்லைன்னா போனதை மட்டும் மாத்திட்டு இன்னொண்ணு மேல கண் வைங்க.

15-06-2023
ஒரு விதிவிலக்கு சொல்லணும், இல்லைன்னா யாராவது என்னைத் திட்டுவீங்க. ஃபோர்டு ஃபிகோ மாதிரி சில வண்டிகள்ல சிலேவ் வெளிய இல்ல, கியர்பாக்ஸ் ஷாஃப்டைச் சுத்தி மோதிரம் மாதிரி உள்ளயே உட்கார்ந்திருக்கும். அது போனா கியர்பாக்ஸ் இறக்கித்தான் ஆகணும், இறக்கும்போது பிளேட்டையும் பார்த்துடுறது புத்திசாலித்தனம். ஆல்ட்டோ, 800 வச்சிருக்கிறவங்களுக்கு இந்த இழையே வேண்டாம், கேபிள்தான்.

18-06-2023
கேட்டவர் மாஸ்டர் சிலிண்டர் தேடி தென்காசி, நெல்லை ரெண்டு இடமும் அலைஞ்சிருக்கார். கடைசியில கேரளாப்பக்கம் புனலூர்ல கிடைச்சிருக்கு. இதுல ஒண்ணும் அதிசயம் இல்ல. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் அந்தப்பக்கத்து ஆட்சியிலதான் இருந்துச்சு. மாநிலம் மாறி இவ்வளவு வருஷம் ஆகியும் பழைய டீசல் வண்டி சாமானுக்கு நாம எல்லையில இருக்கிற கோட்டைவாசல் தாண்டித்தான் போறோம். அவங்க காய்கறிக்கும் வைக்கோலுக்கும் இந்தப்பக்கம் வர்றாங்க.

மாட்டும்போது: பைப் நட்டை முதல்ல கையால ரெண்டு மூணு சுத்து ஏத்திட்டு அப்புறம் சிலிண்டர் போல்ட்டை இறுக்குங்க. சிலிண்டரை இறுக்கிட்டு பைப்பை வளைச்சா மரை கோணிக்கும். வாய் திறந்த ஸ்பேனர் போட்டா நட்டு உருண்டுடும், பைப் நட்டுக்குன்னே இருக்கிற வெட்டு ரிங் ஸ்பேனர் கடன் வாங்குங்க. ஃபெண்டர் மேல ஈரத்துணி போடுங்க. ஆயில் சிந்தினா துடைக்காதீங்க, தண்ணி ஊத்திக் கழுவுங்க.

19-06-2023
மாட்டியாச்சு, ஆனா ரிவர்ஸ் இன்னும் கத்துதாம். ராடு எட்டு மில்லிமீட்டர் நகருதாம். காத்துதான்.

நேத்து ராத்திரி என் பழைய சிலிண்டர் ரெண்டையும் வெர்னியர் வச்சு அளந்தேன் (மனைவி கேட்டதுக்கு ஆபீஸ் வேலைன்னு சொன்னேன்). மாஸ்டர் உள்விட்டம் அஞ்சுக்கு எட்டு இன்ச், அதாவது 15.9 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓட்டம் சுமார் 25. கணக்குப் போட்டா ஒரு முழு மிதிக்கு நகர்ற ஆயில் 5 மில்லி. ஒரே ஒரு டீஸ்பூன்! சிலேவ் விட்டம் 20.6, அந்த 5 மில்லி அங்க போனா ராடு 15 மில்லிமீட்டர் கிட்ட நகரும். இதுல 1 மில்லி அளவுக்குக் காத்தை அமுக்கறதுல வீணாப் போச்சுன்னா 3 மில்லிமீட்டர் காலி. எனக்கு இதுநாள் வரைக்கும் இவ்வளவு கொஞ்ச ஆயில்ல வேலை நடக்குதுன்னு தெரியாது. பிரேக் மாதிரி நினைச்சுக்கிட்டு ‘கொஞ்சம் ஏர் இருந்தா என்ன’ன்னு விட்டிருக்கேன்.

ரெண்டு பேர் வச்சு ஏர் எடுக்கிற முறை எல்லாருக்கும் தெரியும்: மிதி, பிடி, நிப்பிளை (சிலேவ்ல காத்து வெளியேற இருக்கிற சின்னத் திருகு) திற, மூடு, அப்புறம் காலை எடு. கிளட்சுல ஒரு தொல்லை, நிப்பிள் திறந்ததும் பெடல் கீழயே கிடக்கும், ஒவ்வொரு தடவையும் கையால தூக்கணும். அதுக்கும் வழிக்கு வரலைன்னா: சிலேவ் போல்ட்டைக் கழட்டி (பைப் அப்படியே இருக்கட்டும்), நிப்பிள் இருக்கிற பக்கம் மேல வர்ற மாதிரி பிடிச்சுக்கிட்டு, ராடை மெதுவா கையால உள்ள முழுசா அமுக்குங்க. ஆயில் மேல போகும், கூடவே குமிழியும் டப்பாவுல வந்து வெடிக்கும். டப்பா நிரம்பி வழியாமப் பார்த்துக்கங்க. சிலேவ் வெளிய இருக்கிறப்போ யாரும் பெடலைத் தொடக்கூடாது! பிஸ்டன் பறந்து வந்து ஷெட் மூலையில விழும். எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. மருமகன்கிட்டயும் கேக்காதீங்க.

20-06-2023
பதினாலு மில்லிமீட்டர். ரிவர்ஸ் சத்தமே இல்லாம விழுதாம். இழையை முடிச்சுக்கலாம்.

25-06-2023
முடியல. குற்றாலத்துக்குச் சொந்தக்காரங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கார், சீசன் கூட்டத்துல அரை மணி நேரம் ஊர்வலம். திடீர்னு இன்ஜின் கத்துது, வண்டி இழுக்கல. கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிட்டா சரியாகுதாம்.

எனக்கு முதல்ல அடிவயிறு கலங்குச்சு. பிளேட்டே போயிருந்து நான் தப்பாச் சொல்லிட்டேனோ, பதினாலாயிரக்காரர் ஜெயிச்சுட்டாரோன்னு. ஆனா ஆறினா சரியாகுதுங்கிறதுதான் இடிக்குது. தேஞ்ச பிளேட் ஆறினாலும் ஒரு வாரத்துல திரும்பப் புதுசாகாதே.

26-06-2023
விசாரிச்சதுல விஷயம் வெளிய வந்துச்சு. 19ஆம் தேதி காத்து இருந்தப்போ பெடல் தாழ்வா இருக்குன்னு மாட்டிக்கொடுத்த பையன் பெடல் ராடை நாலு மரை நீட்டி விட்டிருக்கான். அப்புறம் காத்து போயிடுச்சு, ராடு நீண்டபடியே நின்னுடுச்சு. காலை எடுத்தாலும் பிஸ்டன் கடைசி வரைக்கும் பின்னால வரல. அப்படி வந்தாத்தான் டப்பாவுக்குப் போற சின்னத் துளை திறக்கும். துளை அடைச்சே இருந்தா சூட்டுல விரியுற ஆயிலுக்குப் போக்கிடம் இல்ல, அது சிலேவைத் தள்ளிக்கிட்டே இருக்கும். யாரும் மிதிக்காமலே கிளட்ச் பாதி மிதிச்ச நிலையில நிக்கும்.

சோதிக்கிறது சுலபம். கிளட்ச் இப்படி வழுக்குற நேரத்துல ஓரமா நிறுத்தி நிப்பிளை லேசாத் திறந்தா ஆயில் சீறி வரும், உடனே கிளட்ச் பிடிக்கும். அப்படி வரலைன்னா பிளேட்டைச் சந்தேகப்படலாம். சைலன்சர் சூடு, கை பத்திரம்.

11ஆம் தேதி மதியம் ‘இன்ஜின் கத்தினா பிளேட்’னு பெரிய மனுஷன் மாதிரி எழுதியிருக்கேன். அதுவும் முழுசாச் சரியில்ல. சிலேவ்தான்னு அடிச்சுச் சொன்னது, டாட் 5, இப்போ இது, மொத்தம் மூணு தப்பு.

27-06-2023
ராடைத் திரும்பச் சுருக்கியாச்சு. கையால அமுக்கினா பெடல்ல லேசா ஒரு ஆட்டம் தெரியணும், அதுக்கப்புறம்தான் கனம் வரணும். ஹோஸையும் பார்க்கச் சொல்லியிருக்கேன். பழைய ரப்பர் ஹோஸ் மிதிக்கிறப்போ தவளைத் தொண்டை மாதிரி வீங்கினா அந்த டீஸ்பூன்ல பாதி அங்கேயே போயிடும். உள்பக்கம் இடிஞ்சு அடைச்சாலும் இதே வழுக்கல்தான் வரும்.

02-07-2023
கேட்டவர் புளியரை ஏறி ஆரியங்காவு போய் சாமி கும்பிட்டு வந்துட்டாராம். வழியில மூணு டிப்பர், ஒரு தடவைகூட வழுக்கல. மொத்தச் செலவு சிலிண்டர், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து ரெண்டாயிரத்து எழுநூறு. புனலூர் போய்வந்த டீசலையும் பழம்பொரியையும் கணக்குல சேர்க்கல.

09-08-2023
ஊருக்கெல்லாம் பூட்ஸை விலக்கிப் பாரு, பூட்ஸை விலக்கிப் பாருன்னு ரெண்டு மாசமா எழுதினவன், இன்னிக்கு ஆயில் மாத்த வண்டிக்கு அடியில போனப்போ சும்மா என் வண்டி பூட்ஸை விலக்கினேன். ஈரம். விரல்ல எடுத்துப் பார்த்தேன், கட்டன்சாயா.

ஞாயித்துக்கிழமை கழட்டணும். பெடல் மிதிக்க மருமகனைக் கூப்பிட்டேன். “போன தடவை மாதிரி திட்ட மாட்டேன்னு எழுதிக் கொடுங்க மாமா”ங்கிறான்.